ஜூனோவின் வயிற்றுக்கு அடியில்

மில்கா விடோவிச்சை வியக்க வைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று அமெரிக்காவின் மலையடிவார ஊரான அனகோண்டாவில் எல்லோருக்கும் தெரியும். மளிகைக் கடையின் இறைச்சிப் பிரிவில் கத்தி பிடித்து நின்றே அவளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். ஒருத்தியின் மருமகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்திருக்கும். ஒருவன் மலையில் கரடியோடு நேருக்கு நேர் நின்றுவிட்டுத் தப்பி வந்திருப்பான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மில்கா, "அப்படியா. எலும்போட வேணுமா, எலும்பு இல்லாமலா?" என்பாள். அதில் அகம்பாவம் ஒன்றும் கிடையாது. உருக்காலையில் வேலை பார்த்த அவள் அப்பாவும் அப்படித்தான். ஆலையை மூடிய அன்றைக்குக்கூட வீட்டுக்கு வந்து கைகழுவி உட்கார்ந்து, சூப்பில் உப்புக் கம்மி என்று மட்டும்தான் சொன்னார். மில்கா அவருடைய வார்ப்பு.

அக்கா ஸ்டானா யாருடைய வார்ப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வானவில் தெரிந்தால் நெடுஞ்சாலை என்றும் பாராமல் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நிற்பாள். தன் முடிதிருத்தும் கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டோடு இருக்க வேண்டிய வயதில், பள்ளத்தாக்கு நடுவிலிருக்கும் டன்மோர் பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு காலத்தில் மொன்டானா மாநிலத்தின் பெரிய மாட்டுப் பண்ணைகளில் ஒன்று அது. இப்போது மியூசியம். வீடும் தொழுவமும் அப்படியே இருக்கின்றன. மாடு, குதிரை, பன்றி, கோழி எல்லாம் அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே வளர்க்கிறார்கள். ஸ்டானா சம்பளம் வாங்காமல், கணுக்கால் மறைக்கும் பாவாடையும் தலையில் நாடா கட்டிய குல்லாயுமாக, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவாள்.

"ஒரே ஒரு தடவை வந்து பாருடி" என்று அவள் தங்கையைக் கூப்பிடாத மாதம் இல்லை.

"செத்துப்போன பணக்காரன் எந்தக் கட்டில்ல படுத்தான்னு தெரிஞ்சு எனக்கு என்னக்கா ஆகப்போகுது?" என்று மில்கா தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் சீட்டாட்டத்தில் மாட்டிக்கொண்டாள். மில்கா ஜெயித்தால் அவள் வீட்டுச் சமையலறைக்கு ஸ்டானா வெள்ளையடித்துக் கொடுப்பது, தோற்றால் மில்கா பண்ணைக்கு வருவது என்று பேச்சு. அக்காவுக்கு அன்றைக்கு இறங்கிய சீட்டுகளைப் பார்த்தால் சாத்தானே கலைத்துப் போட்ட மாதிரி இருந்தது. மில்கா சீட்டை மேசையில் கவிழ்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வர்றேன். மதியச் சாப்பாட்டுக்கு நானே மாவுக்குள்ள கறி அடைச்சு பாஸ்டி சுட்டுக் கொண்டுவர்றேன். அங்க விக்கிற சாண்ட்விச்சைத் திங்கச் சொல்லாதே" என்றாள்.

அது ஜூன் மாதம். பள்ளத்தாக்கு முழுக்கப் புல் முழங்காலுக்கு வந்திருந்தது, மேற்கு மலை உச்சியில் மட்டும் இன்னும் பனி. வெள்ளையடித்த மர வீட்டு வாசலில் ஸ்டானா நின்றிருந்தாள். மில்கா வண்டியிலிருந்து இறங்கி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தக் குல்லாய் எதுக்கு? பேன் பார்க்க விடாம இருக்கவா?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? வா உள்ள. எதையும் தொடாதே. கயிறு கட்டியிருக்கற இடத்துக்கு அந்தப் பக்கம் காலை வைக்காதே."

"நான் என்ன கன்னுக்குட்டியா, துள்ளிக்கிட்டுப் போக?"

அவர்களோடு இன்னும் பத்துப் பதினைந்து பேர் உள்ளே வந்தார்கள். ஸ்டானா முன்னறையில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு கதையைத் தொடங்கினாள். டன்மோர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தபோது கையில் இருந்தது நோஞ்சான் மாடுகள் நாலைந்துதான். மேற்கே போகிற வண்டிக்காரர்களின் களைத்துப்போன மாடுகளை வாங்கி, இங்கே மேயவிட்டுத் தேற்றி, அவர்களுக்கே திருப்பி விற்றான். அப்படித்தான் தொடங்கியது. கல்யாணம் ஆகி இசபெல் வந்தபோது, கூடவே அவளுடைய பியானோவும் வந்தது. மிசூரி ஆற்றில் நீராவிப் படகில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் மலை ஏறி இறங்கி, வழியில் ஒரு ஆற்றில் வண்டியோடு கவிழ்ந்து, அதைத் தூக்கிக் காயவைத்து, கடைசியில் இந்த அறைக்கு வந்து சேர்ந்தது. சொல்லும்போது ஸ்டானாவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பியானோவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மில்கா சுவரில் ஒட்டியிருந்த பூக்காகிதத்தைப் பார்த்தாள், தந்தச் சீப்பைப் பார்த்தாள், இறகு மெத்தையைப் பார்த்தாள். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

சமையலறைக்கு வந்தபோதுதான் அவள் நடை நின்றது. அடுப்புக்குப் பக்கத்தில் இறைச்சி வெட்டுகிற மரக்கட்டை ஒன்று. இடுப்புயரத்துக்கு, ஒரு மரத்தையே அறுத்து நிறுத்திய மாதிரி. அதன் மேற்பரப்பு தட்டையாக இல்லை. நடுவில் குழிந்து, ஒரு பெரிய கிண்ணம் போல உள்ளே இறங்கியிருந்தது. வெட்டி, சுரண்டி, உப்புப் போட்டுத் தேய்த்து, மறுபடி வெட்டி வெட்டித் தேய்ந்த குழி. கடையில் மில்காவின் கட்டையிலும் குழி உண்டு. அவளுடைய ஆயுசு முழுவதும் சேர்ந்து அதில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் நிற்கிற அளவுக்குத்தான் பள்ளம் விழுந்திருக்கிறது.

"இதுல யாரு வெட்டினது?" என்று அவள் கேட்டாள். வீட்டுக்குள் வந்தபின் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

ஸ்டானாவுக்கு முகம் மலர்ந்தது. "சீனாக்காரர் ஒருத்தர். முப்பது வருஷத்துக்கு மேல இங்கதான் சமையல். மாடு மேய்க்கிறவங்க அத்தனை பேருக்கும் மூணு வேளையும் அவர் ஒருத்தரே ஆக்கிப் போட்டிருக்கார்."

"பேரு?"

"தெரியலடி. எல்லாரும் குக்குன்னே கூப்பிட்டிருக்காங்க."

"நல்லாருக்கே! பியானோ ஆத்துல கவுந்தது வரைக்கும் தெரியுது, முப்பது வருஷம் சோறு போட்டவன் பேரு தெரியலயா?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். ஸ்டானா சிரிக்கவில்லை. "ஆமாடி" என்றாள் மெதுவாக. "எனக்கும் அது உறுத்திக்கிட்டேதான் இருக்கு."

மற்றவர்கள் அடுத்த அறைக்கு நகர்ந்ததும், மில்கா கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி உள்ளங்கையை அந்தக் குழியில் வைத்தாள். வழவழவென்று குளிர்ந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போய்விட்டாள்.

வெளியே தொழுவத்துப் பக்கம் குதிரைவண்டிக்காரர் ஹோபர்ட் பன்றிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பண்ணையின் விலங்குகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. மீசையில் எப்போதும் ஒரு துரும்பு ஒட்டியிருக்கும்.

"என்ன மகாராணி, இன்னிக்கு யாரு பிடிபட்டது?" என்றார் ஸ்டானாவிடம்.

"என் தங்கச்சி. சீட்டுல ஜெயிச்சுக் கொண்டுவந்தேன்."

வேலிக்கு அப்பால் நீளக்கொம்பு மாடுகள் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. கொம்பின் ஒரு நுனியில் நிற்கிற குருவி மறு நுனிக்குப் போகப் பறந்துதான் ஆக வேண்டும், அவ்வளவு அகலம். மில்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"முதுகுச் சதை நல்லாப் பிடிச்சிருக்கு. தொடைதான் கொஞ்சம் வத்தல்."

"ஏன்டி, உயிரோட நிக்கிறதுங்க காதுல விழப்போகுது!" என்று ஸ்டானா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். ஹோபர்ட் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பாஸ்டியை மூன்று பேருமாகப் பிட்டுத் தின்றார்கள். பிறகு ஸ்டானா, "ஓடைக்கு அந்தப் பக்கம் எங்க குதிரை ஜூனோவைக் காட்டிட்டு வர்றேன். குட்டி போட்டிருக்காடி, அதைப் பார்க்காமப் போனா நீ வந்ததுக்கு அர்த்தமே இல்ல" என்றாள்.

ஹோபர்ட் மேற்கே திரும்பிப் பார்த்தார். மலைக்குப் பின்னால் மேகம் கட்டியிருந்தது. "கறுத்துக்கிட்டு வருது. போனமா வந்தமான்னு இருக்கணும். உங்க இடுப்பை வச்சுக்கிட்டு ஓட முடியாது, மகாராணி."

"அது வர்றதுக்குள்ள நாங்க திரும்பி வந்து காபி குடிச்சிருப்போம்."

ஸ்டானாவுக்கு இடது இடுப்பு சரியில்லை. இலையுதிர் காலத்தில் அறுவைச் சிகிச்சை என்று பேசி வைத்திருந்தார்கள். ஆனாலும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, தங்கைக்கு முன்னால் நடந்தாள். ஓடைப் பாலம் தாண்டி, இரண்டு வேலிக் கதவுகளைத் திறந்து மூடி, வெட்டவெளியாக விரிந்து கிடந்த மேய்ச்சல் நிலத்துக்கு வந்தார்கள். தொலைவில் இரண்டு குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. தொலைவில் பார்த்தபோது சாதாரணக் குதிரை மாதிரிதான் தெரிந்தது.

கிட்டே போகப் போக மில்காவின் நடை தளர்ந்தது. வண்டியும் ஏரும் இழுக்கிற ஜாதி அது. கறுப்பும் சாம்பலும் கலந்த நிறம். அவற்றின் முதுகு அவள் தலைக்கு மேலே இருந்தது. நெஞ்சு ஒரு வாசற்கதவு அகலத்துக்கு இருந்தது. கால்கள் தூண் மாதிரி இறங்கி, முட்டிக்குக் கீழே நீளமயிர் தொங்கி, சாப்பாட்டுத் தட்டளவுக் குளம்பில் முடிந்தன. மாமிசத்தை மில்கா எடை போட்டுத்தான் பார்ப்பாள், பழக்கம். இந்த முறை கண் முதுகிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து தொடைக்கும் போய்ப் போய், எடை சொல்ல முடியாமல் திரும்பி வந்தது.

"பெரிசு ஜூனோ. அந்தண்டை நிக்கிறது ஹேஸல்" என்றாள் ஸ்டானா. "ஜூனோவுக்குப் பின்னால எட்டிப் பாரு."

நீளக்கால்களோடு ஒரு குட்டி தாயின் நிழலில் நின்றிருந்தது. மூக்கின் மேல் மட்டும் வெள்ளை. அது மில்காவைப் பார்த்ததும் ஒரு அடி முன்னால் வைத்தது. ஜூனோ தலையைத் தூக்கினாள். மில்கா சட்டென்று பின்வாங்கினாள்.

"ஒண்ணும் பண்ணாதுடி. கையைக் காட்டு, மோந்து பார்க்கட்டும்."

"நீ காட்டு. எனக்கு விரல் தேவைப்படுது, பிழைப்பே அதுலதான்."

ஸ்டானா போய்க் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துக் கொஞ்சிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றார்களோ, புல்லில் ஓடிக்கொண்டிருந்த காற்று திடீரென்று நின்றுபோனது. பறந்துகொண்டிருந்த தகைவிலான் குருவிகள் ஒன்றையும் காணோம். மில்கா திரும்பிப் பார்த்தாள். மேற்கு மலை இருந்த இடத்தில் மலை இல்லை. வானம் கறுப்பும் பச்சையும் கலந்து, அடிபட்ட இடம் கன்றிப்போன மாதிரி இருந்தது. அதற்குக் கீழே, பள்ளத்தாக்கின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை வரைக்கும், வெள்ளைத் திரை ஒன்று நகர்ந்து வந்தது. ஒரு சரக்கு ரயில் வருகிற மாதிரி இரைச்சல் கேட்டது.

"அக்கா, மழையில்ல அது."

ஸ்டானா பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. "ஆலங்கட்டி."

ஓடைக்கரை மரங்களுக்குப் போகலாம் என்று மில்கா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அதே நொடி அந்த மரங்களில் ஒன்றின் மேல் மின்னல் இறங்கியது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. ஸ்டானா தடுமாறி ஒரு முட்டியில் விழுந்தாள். மில்கா அவளைத் தூக்கி நிறுத்தினாள். முதல் கல் அவள் தோளில் விழுந்தது. அடுத்தது புல்லில் விழுந்து இடுப்புயரத்துக்குத் துள்ளியது. வால்நட் அளவு. பிறகு முட்டை அளவு. மில்கா தன் மேல்சட்டையைக் கழற்றி அக்கா தலைமேல் போட்டாள். அதற்குள் ஒன்று அவள் நெற்றியில் பட்டு, கண்ணுக்குள் சூடாக ரத்தம் வழிந்தது.

குதிரைகள் ஓடவில்லை. அதைத்தான் மில்காவால் பிறகும் மறக்க முடியவில்லை. ஓடுவதற்கு வேண்டிய காலும் இடமும் அவற்றுக்கு இருந்தன. இரண்டும் அவசரமில்லாமல் சுற்றித் திரும்பிப் பின்புறத்தைப் புயலுக்குக் கொடுத்து, தோளோடு தோள் ஒட்டி நின்று, தலையைத் தாழ்த்தின. குட்டி தாயின் நெஞ்சுக்கு முன்னால் போய்ப் புகுந்துகொண்டது. அந்த இடத்தில் மட்டும் கல் விழவில்லை.

"ஜூனோகிட்டப் போடி!" என்று ஸ்டானா கத்தினாள்.

"உனக்குப் பைத்தியமா? ஒரு மிதி மிதிச்சா..."

"இங்க நின்னா மட்டும் பிழைப்பமா? வா!"

ஸ்டானா நொண்டிக்கொண்டே போய், குட்டிக்குப் பக்கத்தில் குதிரையின் கழுத்துக்கு அடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே இன்னொரு ஆளுக்கு இடமில்லை. மில்கா முதுகில் கல் கல்லாக வாங்கிக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு குனிந்து, இரண்டு கையையும் ஊன்றி, முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே, அந்தப் பெரிய வயிற்றுக்கு அடியில் தவழ்ந்து போனாள்.

அங்கே கதகதப்பாக இருந்தது. வியர்வையும் பாலும் புல்லும் கலந்த வாசனை. சுற்றிலும் நாலு பக்கமும் வெள்ளையாக இடிந்து விழுந்துகொண்டிருந்தது. கற்களெல்லாம் தரையில் மோதிச் சிதறி உள்ளே தெறித்தன. தலைக்கு மேலே ஜூனோவின் முதுகில் விழுகிற ஒவ்வொரு கல்லும் தோல்பறை மாதிரி அதிர்ந்தது. அவ்வளவு பெரிய உடம்பு ஒவ்வொரு அடிக்கும் சிலிர்த்தது, ஆனால் நகரவில்லை. மில்கா ஒடுங்கி உட்கார்ந்து, முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குப் பின்னால் விலாவில் கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். ஒட்டாமல் இருக்க இடமில்லை.

கன்னத்தில் ஏதோ வந்து தட்டியது. நின்று, மறுபடி தட்டியது. என்னவென்று அவளுக்கு முதலில் புரியவில்லை. அந்த இரைச்சலில் காதுக்கு எதுவும் கேட்கவில்லை, எலும்பு வழியாகத்தான் வந்தது. மெதுவாக, ஆழத்திலிருந்து, அவசரமே இல்லாமல். ஜூனோவின் இதயம்.

மில்கா எத்தனையோ இதயங்களைக் கையில் எடுத்திருக்கிறாள். கழுவி, கொழுப்பை அரிந்து, தராசில் வைத்து, தாளில் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். அதன் அறைகள், குழாய்கள் எல்லாம் கத்திக்குத் தெரியும். அது அடித்து அவள் உணர்ந்ததில்லை. வானம் உடைந்து கொட்டுகிறது, அவளுடைய நெஞ்சு முயல்குட்டி மாதிரிப் பறக்கிறது, இங்கே இது தன் பாட்டுக்கு ஒன்று, பிறகு ஒன்று என்று அடித்துக்கொண்டிருக்கிறது. அவள் மூச்சு விடுவதை மறந்து அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் வந்தது.

அப்போது பெரிய கல் ஒன்று ஜூனோவின் இடுப்பில் விழுந்திருக்க வேண்டும். உடம்பு முழுவதும் ஒரு உலுக்கு உலுக்கியது. முன்னங்கால் தரையை விட்டு எழும்பியது. மில்காவின் இடது கை அது இறங்க வேண்டிய இடத்தில்தான் விரித்து ஊன்றியிருந்தது. கல் தெறித்து விரல் மரத்திருந்ததால் உடனே இழுக்க முடியவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால், சேறு சொட்ட, அந்தக் குளம்பு காற்றில் நின்றது. அதன் விளிம்பில் ஒட்டியிருந்த புல்லைக்கூட அவள் பார்த்தாள்.

குளம்பு இறங்கவில்லை. ஒரு கணம் அப்படியே தொங்கியது. பிறகு கொஞ்சம் தள்ளிப் போய், ஒரு தாய் தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் கையை வைப்பது போல மெதுவாகத் தரையைத் தொட்டது. தொட்டுப் பார்த்து, அதன்பிறகுதான் பாரத்தை இறக்கியது. அவளுடைய சுண்டுவிரலுக்கும் குளம்புக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம் இருந்தது.

அது தெரிந்து செய்ததா, தற்செயலா என்று மில்கா கேட்டுக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் கேள்வி எதுவும் இல்லை. கையை மெல்ல இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். தன்னையறியாமல் அவள் அழுதுகொண்டிருந்தாள். பயத்தில் வந்த அழுகை அல்ல. பயம் எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

வந்த மாதிரியே புயல் போய்விட்டது. இரைச்சல் கிழக்கே நகர்ந்தது, கல் குறைந்து மழையானது, மழையும் நின்றது. வயிற்றுக்கு அடியிலிருந்து மில்கா தவழ்ந்து வெளியே வந்து எழுந்து நின்றாள்.

பச்சையாக இருந்த பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளை. மேகத்தின் அடியில் வெயில் நுழைந்து, ஒவ்வொரு பனிக்கல்லிலும் விழுந்து, கண் கூசியது. நசுங்கிய புல்லின் மணமும் காட்டுப் புதினாவின் மணமும் ஆளை அடித்தன. குதிரைகள் இரண்டின் உடம்பிலிருந்தும் ஆவி எழுந்து, நேராக, புகைபோக்கிப் புகை மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தது. அவற்றைச் சுற்றித் தரையில் பனி குவிந்திருந்தது. அவை நின்ற இடம் மட்டும் ஈரப் பச்சையாக இருந்தது.

ஸ்டானா குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குல்லாய் எங்கேயோ போய்விட்டது. சிரித்தாள், அழுதாள், ஏசுவே ஏசுவே என்றாள், குட்டிக்கு முத்தம் கொடுத்தாள். பிறகு தங்கையைப் பார்த்து, "நெத்தியில ரத்தம்டி! வலிக்குதா? ஏதாவது பேசுடி, மில்கா. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

மில்கா ஜூனோவின் முகத்துக்கு நேரே போய் நின்றாள். குதிரையின் கண் பெரிய, கறுத்த, ஈரமான கண். அதில் வெள்ளை நிலமும் வானமும் சின்னதாகத் தெரிந்தன, நடுவில் தலை கலைந்த ஒரு பெண்ணும் தெரிந்தாள். மில்கா கையை நீட்டினாள். ஜூனோ மோந்து பார்த்துவிட்டு, சூடாக ஒரு மூச்சு விட்டாள்.

ஹோபர்ட்டின் பிக்கப் வண்டி பனியை நொறுக்கிக்கொண்டு வந்தது. முன்கண்ணாடி சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டிருந்தது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஓட்டி வந்தார். இறங்கியதும் இரண்டு பேரையும் பார்த்து, தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"நான் ரெண்டு பொணத்தை ஏத்திக்கிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். "எங்க இருந்தீங்க?"

ஸ்டானா குதிரையைக் காட்டினாள். அவர் புரியாமல் பார்த்தார். பிறகு, புல்லில் அந்தப் பச்சை வட்டத்தைப் பார்த்தார், மில்காவின் முட்டிகளில் இருந்த சேற்றைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"ரெண்டு பேருமா?"

"நான் முன்னால, இவ அடியில" என்றாள் ஸ்டானா.

ஹோபர்ட் போய் ஜூனோவின் கழுத்தில் கை வைத்தார். "நான் இவளைப் பத்து வருஷமாப் பூட்டி ஓட்டறேன்" என்றார். "சொன்னா நானே நம்பமாட்டேன்."

ஜூனோவின் முதுகில் கை வைக்க இடமில்லை. இடத்துக்கு இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது, இடுப்பில் இரண்டு இடத்தில் தோல் பிய்ந்திருந்தது. ஹேஸலுக்கும் அப்படியே. குட்டியின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. தொழுவத்துக்குக் கொண்டுபோய் மருந்து போட வேண்டும் என்று ஹோபர்ட் கயிற்றை எடுத்தார். மில்கா கையை நீட்டினாள்.

"பிடிச்சுப் பழக்கம் உண்டா?" என்று அவர் கேட்டார்.

மில்கா தலையை ஆட்டினாள், இல்லையென்று. அவர் கயிற்றைக் கொடுத்துவிட்டார். ஸ்டானாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் மெல்ல முன்னால் போக, பின்னால் மில்கா ஜூனோவை நடத்திக்கொண்டு வந்தாள். நடத்தினாள் என்று சொல்ல முடியாது. கயிறு தொய்ந்தே இருந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது, அவள் நடந்தால் அதுவும் நடந்தது.

பண்ணை வீட்டில் மேற்குப் பக்கத்து ஜன்னல் ஒன்று பாக்கியில்லாமல் நொறுங்கியிருந்தது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் யாரும் கிளம்பிப் போகவில்லை. வாளியும் விளக்குமாறும் எடுத்து முன்னறையிலிருந்து பனிக்கட்டியை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் கோட்டைக் கழற்றிப் பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கயிறுகளை எல்லாம் அவிழ்த்து ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். ஸ்டானா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, பாவாடையைச் செருகிக்கொண்டு ஒரு துடைப்பத்தை எடுத்தாள். யாரோ அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, நாற்காலியைக் காட்டினார்கள்.

தொழுவத்தில் ஹோபர்ட் மில்காவுக்கு வாளியும் துணியும் கொடுத்தார். குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு வீக்கத்தின் மேலும் போட்டு எடுக்க வேண்டும். எட்டாத இடத்துக்கு ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றாள். இறைச்சியில் எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று அவள் கைக்குத் தெரியும். அந்தக் கை இப்போது தோலுக்கு அடியில் ஓடுகிற நடுக்கத்தைப் பின்தொடர்ந்து போனது, கொஞ்சம் கொஞ்சமாக அது அடங்குவதையும் உணர்ந்தது. கொட்டகைக் கூரையிலிருந்து உருகிய தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குட்டி தாயின் மடியை முட்டி முட்டிப் பால் குடித்தது.

"நாளைக்கு வேலைக்குப் போகணுமா?" என்று ஹோபர்ட் பக்கத்து அறையிலிருந்து ஹேஸலுக்கு மருந்து போட்டபடி கேட்டார்.

"போகணும்."

"கறி வெட்டற வேலைன்னு உங்க அக்கா சொன்னாங்க."

"ஆமா." கொஞ்ச நேரம் கழித்து மில்கா சொன்னாள்: "வெட்டத்தான் போறேன். சாப்பிடறதை விடப்போறதும் இல்ல. ஆனா, இது உள்ள எப்படி அடிக்கும்னு எனக்கு இத்தனை நாளும் தெரியாது, ஹோபர்ட். யாரும் சொல்லல."

ஹோபர்ட் ஹேஸலின் முதுகில் மருந்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வெயில் சாய்ந்து, கதவு வழியாக மஞ்சளாக உள்ளே வந்தபோது, ஜூனோவின் கீழுதடு தொங்கியது. கண் பாதி மூடியது. அவ்வளவு பெரிய தலை மெல்ல மெல்ல இறங்கி, மில்காவின் தோளில் வந்து சாய்ந்தது. பாரம் தாங்க மில்கா காலை அகட்டி நின்றுகொண்டாள். மறு கையில் ஈரத்துணி அப்படியே இருந்தது.

ஸ்டானா கதவடியில் வந்து நின்றாள். "மில்கா, போகலாமாடி? ரோடு திறந்துட்டாங்களாம். இருட்டறதுக்குள்ள..."

"உஸ்" என்றாள் மில்கா. "மெல்லப் பேசுக்கா. தூங்குறா."

ஸ்டானா வைக்கோல் கட்டு ஒன்றை இழுத்துப் போட்டு, சத்தமில்லாமல் அதன் மேல் உட்கார்ந்தாள்.